லேப் மேசையிலிருந்து வியாபாரப் பக்கம் போக எம்பிஏ வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: வயது 27, உயிரியலில் பட்டம், சிங்கப்பூரின் உயிர்மருத்துவ ஆராய்ச்சி வளாகமான பயோபோலிஸில் மூன்று வருடமாக ஆராய்ச்சி உதவியாளர் வேலை, ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது, இனிமேல் பிப்பெட் பிடிக்க மனமில்லை, பயோடெக் கம்பெனிகளில் வியாபாரப் பக்கம் போக ஆசை. அதற்கு எம்பிஏ படிக்கலாமா, இல்லை அம்மா சொல்கிற மாதிரி பிஎச்டியே செய்துவிடலாமா, மாண்டரின் தெரியாதது தடையாக இருக்குமா. எந்தப் படிப்பு என்று கேட்கிற மாதிரி இருந்தாலும், இரண்டு தடவை வாசித்துப் பார்த்ததில் என் காதில் விழுந்தது வேறு: வியாபாரம் தெரியாத என்னை யார் வேலைக்கு எடுப்பார்கள், இத்தனை வருடம் படித்தது வீணாகிவிடாதா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன், படிப்பு விஷயம் அதற்குள்ளேயே வந்துவிடும்.

என்னைப் பற்றி ஒரு வரி, எந்த அளவுக்கு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ள. நானும் விலங்கியல் படித்துவிட்டு லேபில் தொடங்கியவன்தான். 2003ல் பயோபோலிஸ் திறந்த புதிதில் அங்கே வந்த கூட்டத்தில் நானும் ஒருவன், நானோஸ், புரோட்டியோஸ் என்று கட்டடங்களுக்கு வைத்த பெயர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போவோம். 2006ல் லேப் கருவிகளை விற்கும் ஒரு விநியோக நிறுவனத்துக்கு மாறினேன். அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட், பிறகு சேல்ஸ், பிறகு தென்கிழக்காசியாவுக்கான பிராடக்ட் மேனேஜர், இப்போது பிசினஸ் டெவலப்மென்ட், அதாவது மற்றக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் பேசும் வேலை. ஆக, லேப் கருவி, ரியேஜென்ட் (சோதனைக்கான ரசாயனப் பொருள்), நோய் கண்டறியும் சோதனைகள், இவை பற்றிச் சொல்வது கையால் செய்து கற்றது. மருந்துக் கம்பெனி, முதலீட்டு நிறுவனம் பற்றிச் சொல்வதெல்லாம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பார்த்தது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. பயோடெக்கில் வியாபாரம் என்பது, பணம் யார் கொடுக்கிறார், எதற்காகக் கொடுக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்வதுதான். அதை வகுப்பில் உட்கார்ந்து பாதிதான் கற்க முடியும். எனக்கு அது புரிந்த கதையைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம், ஒரு பேராசிரியரின் லேபில், டிஎன்ஏவைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கி அளக்கும் ரியல் டைம் பிசிஆர் கருவியை ஓட்டிக் காட்டப் போனேன். 96 குழி பிளேட், அவருடைய மாதிரிகள், என்னுடைய ரியேஜென்ட். திரையில் கோடுகள் அழகாக ஏறிக்கொண்டிருந்தன. 31வது சுற்றில் ஏறவே கூடாத ஒரு கோடும் ஏறத் தொடங்கியது: டிஎன்ஏ எதுவும் போடாமல், சரிபார்ப்பதற்காக வெறும் தண்ணீர் வைத்த 'கன்ட்ரோல்' குழி. ஏதோ ஒன்று கலந்துவிட்டது. எனக்கு முன்னாலேயே பேராசிரியர் பார்த்துவிட்டார், ஆனால் ஒன்றும் பேசவில்லை. நானே வாய் திறந்து, சார், கன்ட்ரோல் ஏறிவிட்டது, இந்த முடிவை நம்பாதீர்கள், நாளைக் காலை புதுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். மறுநாள் சரியாக வந்தது. மூன்று மாதம் கழித்து அவர் எங்கள் கருவியைத்தான் வாங்கினார்.

என் நேர்மையைப் பார்த்துத்தான் வாங்கினார் என்று வெகுநாள் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். ஒரு நாள் அந்த லேப் மேனேஜர் அக்காவிடமும் அதே பெருமையை அளக்கப்போய், அவர் சிரித்துவிட்டார். மார்ச் 31க்குள் செலவழித்தாக வேண்டிய பணம் கையில் இருந்தது, போட்டிக் கம்பெனியின் குவொட்டேஷன் வர இரண்டு வாரம் தாமதம், அதோடு உங்கள் சர்வீஸ் இன்ஜினியர் சிங்கப்பூரிலேயே இருக்கிறார், அவர்களுடையவர் வெளியூரிலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான் தம்பி என்றார். நீங்கள் லேபில் இருப்பதால் இது உங்களுக்கும் தெரிந்த விஷயம்தான்: அரசாங்க நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, ஜனவரி பிறந்ததும் சேல்ஸ்காரர்கள் உங்கள் வாசலில் வரிசை கட்டி நிற்பதும் அதனால்தான். தெரிந்திருந்தும் அதை வியாபார அறிவு என்று நீங்கள் எண்ணியிருக்க மாட்டீர்கள். வாங்குகிறவருடைய நாற்காலியில் மூன்று வருடம் உட்கார்ந்திருக்கிறீர்கள். எந்த ரியேஜென்ட் ஒவ்வொரு தடவையும் சொதப்பும், எந்தக் கம்பெனி போன் எடுக்காது, எது விலை அதிகமானாலும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். எம்பிஏ முடித்துவிட்டு வருகிற ஒரு பொருளியல் பட்டதாரிக்கு அது தெரியாது. அதனால் படித்தது வீணாகுமா என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள். அறிவியல் பட்டத்தை வைத்துத்தான் உள்ளே விடுவார்கள். உள்ளே போனபிறகு அதை மட்டும் வைத்துக் காலம் தள்ள முடியாது.

எந்தக் கதவு என்பதற்கு என் பதில்: லேபை விட்டு ஒரேயடியாகத் தாவாமல், உங்கள் கைப்பழக்கம் இன்னும் தேவைப்படுகிற, ஆனால் எதிரில் வாடிக்கையாளர் நிற்கிற வேலைக்குப் போங்கள். அதுதான் அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட் வேலை, சில கம்பெனிகளில் ஃபீல்ட் அப்ளிகேஷன் சயன்டிஸ்ட் என்பார்கள். கருவியை ஓட்டிக் காட்டுவது, வாங்கியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, ஓடாதபோது ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிப்பது. விற்பனை இலக்கு நேரடியாக உங்கள் தலையில் இருக்காது, ஆனால் விற்பனை எப்படி நடக்கிறது, எங்கே அறுந்துபோகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். இரண்டு வருடம் அதைச் செய்தால் உங்களுக்கே தெரிந்துவிடும், சேல்ஸ் பிடிக்கிறதா, பிராடக்ட் பக்கம் போகலாமா, இல்லை இந்த அலைச்சலே வேண்டாமா என்று. அலைச்சல் என்று சும்மா சொல்லவில்லை. சிங்கப்பூரில் இருக்கிற ஆசியப் பசிபிக் அலுவலகங்கள் பெரும்பாலும் சிங்கப்பூருக்கு மட்டும் விற்பதில்லை. ஜகார்த்தா, மணிலா, ஹோ சி மின், பேங்காக் என்று மாதத்தில் பாதி நாள் பெட்டியும் கையுமாகத் திரிய வேண்டியிருக்கும். என் மகள் நடக்கத் தொடங்கியதை நான் ஹனோயிலிருந்து வீடியோவில் பார்த்தேன். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மாறியபோது எனக்கு மாதம் 200 வெள்ளிதான் கூடியது. பணம் தெரிந்தது சேல்ஸுக்குப் போன பிறகுதான். அப்போதும் ஒரு பகுதி நிலையான சம்பளம், மறு பகுதி இலக்கை எட்டினால்தான். வேலை தருகிறேன் என்பவரிடம் அந்தப் பிரிப்பு என்ன, போன வருடம் எத்தனை பேர் இலக்கை எட்டினார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

இன்னொரு நல்ல கதவு ரெகுலேட்டரி, அதாவது பொருளை விற்க அரசாங்க அனுமதி வாங்கும் வேலை. நம் ஆட்கள் பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. ஒரு பொருளை 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று விற்பதற்கும், நோயாளியின் இரத்தத்தைச் சோதித்து முடிவு சொல்ல விற்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டாவதற்குச் சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் போக வேண்டும். ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை நான்கு பிரிவுகள், ஏ என்றால் ஆபத்து குறைவு, டி என்றால் மிக அதிகம். இந்தோனேசியாவில் வேறு முறை, தாய்லாந்தில் வேறு, வியட்நாமில் வேறு. இதையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டு, ஆவணங்களை ஒழுங்காகக் கட்டி, எந்த நாட்டில் எப்போது விற்பனை தொடங்கலாம் என்று சொல்லக்கூடியவர் இல்லாமல் ஒரு சோதனைக் கம்பெனியும் ஒரு பெட்டி கூட விற்க முடியாது. பொறுமையும் எழுத்தும் கைகூடியவர்களுக்கு ஏற்ற வேலை. வாடிக்கையாளரோடு பேசி மகிழ்கிற ஆளுக்கு மூச்சுமுட்டும். அதே மாதிரிதான் மருத்துவமனைகளில் நடக்கும் மருந்துப் பரிசோதனைகளைப் போய்ப் பார்த்துச் சரிபார்க்கும் வேலையும்: நிறைய பயணம், நிறைய கோப்பு, ஆனால் அறிவியல் பட்டதாரியை ஆரம்ப நிலையிலேயே எடுக்கிறார்கள்.

பிசினஸ் டெவலப்மென்ட், முதலீட்டு நிறுவனம் இரண்டும் பெயரில் கவர்ச்சியானவை, ஆனால் ஆரம்ப நிலையில் நாற்காலி மிகக் குறைவு. ஒரு மருந்துக் கம்பெனி இன்னொரு கம்பெனியின், மருந்தாகக்கூடிய மூலக்கூறை உரிமம் பெற்று வாங்கும்போது முதலில் ஒரு தொகை, பிறகு ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் ஒரு தொகை, விற்பனைக்கு வந்தால் அதில் சதவீதம் என்று பேசுவார்கள். மனிதரில் சோதிக்கத் தொடங்கிய மருந்துகளில் சுமார் பத்தில் ஒன்றுதான் கடைசியில் அனுமதி பெறுகிறது, அதற்கும் பத்து வருடத்துக்கு மேல் ஆகலாம், காப்புரிமையோ விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம்தான், அதாவது பாதிக்காலம் சோதனையிலேயே கரைந்துவிடும். இந்த மூன்றையும் சேர்த்து ஒரு மூலக்கூறுக்கு இன்றைக்கு என்ன விலை என்று கணக்குப் போடுகிற வேலையை, ஒரு தடவையாவது ஏதாவது ஒன்றை விற்றோ வாங்கியோ பார்க்காதவரிடம் யாரும் ஒப்படைக்க மாட்டார்கள். பிஎச்டி பட்டத்தோடு நேராக முதலீட்டு நிறுவனத்தில் சேர்ந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும், ஆனால் இரண்டு பேரை வைத்துப் பொது விதி சொல்ல முடியாது.

இங்கே உள்ளூர் உதாரணம் ஒன்று. 2020ல் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் வாங் லின்ஃபாவின் குழு, கோவிட் கிருமியை எதிர்க்கும் சக்தி இரத்தத்தில் இருக்கிறதா என்று, உயிருள்ள கிருமியைத் தொடாமலேயே பார்க்கும் சோதனையைக் கண்டுபிடித்தது. சி-பாஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே வருடம் நவம்பரில் அமெரிக்காவில் அவசரகால அனுமதி கிடைத்தது. கண்டுபிடித்தது பல்கலைக்கழகம், பெட்டியாகச் செய்து விற்றது ஜென்ஸ்கிரிப்ட் என்ற கம்பெனி, நடுவில் பொருளாக மாற்ற உதவியது ஏ-ஸ்டார் என்ற அரசாங்க ஆராய்ச்சி அமைப்பின் கீழிருந்த ஒரு மையம். இப்போது அந்த நடுப்பகுதியை யோசித்துப் பாருங்கள். காப்புரிமை எழுத ஒருவர், உரிம ஒப்பந்தம் பேச ஒருவர், அனுமதிக்கு விண்ணப்பிக்க ஒருவர், விலை வைக்க ஒருவர், எந்த நாட்டில் எந்த விநியோகஸ்தர் என்று முடிவு செய்ய ஒருவர். இப்படி ஒரு பொருள் வெளியே வருவதற்குள் இருக்கிற ஒவ்வொரு நாற்காலியிலும் புரதம் என்றால் என்ன என்று தெரிந்தவர் உட்கார்ந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். நீங்கள் தேடுகிற 'வியாபாரப் பக்கம்' அந்த நாற்காலிகள்தான்.

சரி, எம்பிஏ. இன்சியாட் வணிகப் பள்ளி பயோபோலிஸிலிருந்து நடந்து போகிற தூரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த மாணவர்களைப் பார்த்துப் பார்த்தே உங்களுக்கு ஆசை வந்திருக்கும் என்று நினைக்கிறேன், எனக்கும் வந்தது. பத்து மாதப் படிப்பு, கட்டணம் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிவிடும். என் கருத்து, இது கருத்துதான்: இப்போது வேண்டாம். மூன்று வருட லேப் அனுபவத்தோடு மட்டும் எம்பிஏ முடித்து வருகிறவர், விற்பனையோ நிர்வாகமோ பார்த்திருக்க மாட்டார் என்பதால், படிப்பு முடிந்ததும் அதே ஆரம்பநிலை வேலைக்குத்தான் மனு போட வேண்டியிருக்கும், கூடவே கடனும் இருக்கும். நாலைந்து வருடம் வியாபாரத்தில் இருந்துவிட்டு, எனக்கு நிதிக்கணக்கு தெரியவில்லை, அதனால்தான் இந்தப் பதவி கிடைக்கவில்லை என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறபோது படித்தால் ஒவ்வொரு வகுப்பும் உறைக்கும். நான் கடைசிவரை முழு எம்பிஏ படிக்கவில்லை, பகுதிநேரமாகக் கணக்கியலும் ஒப்பந்தச் சட்டமும் மட்டும் படித்தேன். இதில் நான் தவறாகவும் இருக்கலாம்: ஆலோசனை நிறுவனங்களுக்குப் போவதுதான் குறி என்றால் நல்ல எம்பிஏ நிஜமாகவே கதவைத் திறக்கும், அது வேறு பாதை.

பிஎச்டியைப் பற்றி அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் சொல்லித்தர முடியாது, என் அம்மா இன்னும் நான் டாக்டர் ஆகவில்லை என்றுதான் உறவுக்காரர்களிடம் குறைபட்டுக்கொள்கிறார். மருந்துக் கம்பெனிகளில் மருத்துவர்களோடு அறிவியல் பேசும் வேலைக்கும், முதலீட்டு நிறுவனங்களில் சில வேலைகளுக்கும் முனைவர் பட்டம் பெரிதும் உதவும். சேல்ஸ், பிராடக்ட், ரெகுலேட்டரிக்கு அது தேவையில்லை. ஒரு கேள்வி தூங்கவிடாமல் துரத்துகிறது என்றால் செய்யுங்கள். வியாபாரத்துக்குப் போவதற்காக நாலு வருடம் பிஎச்டி செய்வது, சிங்கப்பூருக்குள்ளேயே இருக்கிற தேக்காவுக்குப் போக, எல்லை தாண்டி ஜொகூர் வழியாகச் சுற்றுவது மாதிரி.

யாராவது உங்களிடம், இந்தியாவின் பயோகான் மருந்துக் கம்பெனியைத் தொடங்கிய கிரண் மஜும்தார் ஷாவின் கதையைச் சொல்லி உசுப்பேற்றுவார்கள். விலங்கியல் பட்டம், ஆஸ்திரேலியாவில் பியர் காய்ச்சும் படிப்பு, 1978ல் பெங்களூரில் பத்தாயிரம் ரூபாயோடு பயோகான். உண்மைதான், ஆனால் எனக்கு அதில் பிடித்த பகுதி எல்லாரும் தாண்டிப்போகிற பகுதி: முதலில் அவர் விற்றது மருந்து இல்லை, பப்பாளியிலிருந்து எடுத்த ஒரு நொதியும், பியரைத் தெளிய வைக்க மீனிலிருந்து எடுக்கும் ஒரு பொருளும். வாங்க ஆள் இருந்த சரக்கிலிருந்து தொடங்கினார். அமெரிக்காவில் 1976ல் ஜெனென்டெக் என்ற பயோடெக் கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஹெர்பர்ட் போயர் விஞ்ஞானி, ராபர்ட் ஸ்வான்சன் முதலீட்டுத் துறையில் இருந்த 28 வயது இளைஞர். அவர் எம்ஐடியில் வேதியியலும் படித்தவர், நிர்வாகமும் படித்தவர். பத்து நிமிடம் தருகிறேன் என்ற போயரோடு பேச்சு மூன்று மணி நேரம் நீண்டதாம். லேப்காரரின் மொழி தெரிந்ததால்தான் நீண்டிருக்கும் என்பது என் ஊகம்.

வியாபாரத்தில் நீங்கள் முதலில் சறுக்கப்போவது அறிவியலில் இல்லை, சாமான் அனுப்புவதில். என் முதல் பெரிய நஷ்டம் ஒரு நொதிப் பெட்டி. ஜகார்த்தாவுக்கு உலர்பனிக்கட்டியில் வைத்து ஒரு வியாழக்கிழமை அனுப்பினேன். மறுநாள் சுங்கத்தில் ஒரு தாள் குறைகிறது என்று நிறுத்தினார்கள், அதற்கு அடுத்து நோன்புப் பெருநாள் விடுமுறை. உலர்பனிக்கட்டி உருகித் தண்ணீர் ஆவதில்லை, நேராக ஆவியாகிவிடும். ஐந்து நாள் கழித்துத் திறந்தபோது பெட்டி ஈரமில்லாமல் சுத்தமாக இருந்தது, உள்ளே நொதி செத்திருந்தது. எங்கள் குவொட்டேஷனில் விமான நிலையம் வரை எங்கள் பொறுப்பா, வாடிக்கையாளர் வாசல் வரைக்குமா என்று எழுதவே இல்லை, எழுதாதது நான்தான். மொத்தத்தையும் மறுபடி இலவசமாக அனுப்பினோம். அந்த வாரம் என் மேலாளர் என்னைத் திட்டவில்லை, லாப நட்டக் கணக்குத் தாளைத் தூக்கி என் முன்னால் போட்டு, அந்த நஷ்டத்தை ஈடுகட்ட இதே பெட்டியில் எத்தனை விற்க வேண்டும் என்று கணக்குப் போடச் சொன்னார். ஒன்பது வந்தது. அன்றைக்குத்தான் லாப விகிதம் என்றால் என்ன என்று புரிந்தது, இன்றைக்கும் வியாழக்கிழமை குளிர்ப்பெட்டி அனுப்ப யாரையும் விடுவதில்லை.

மாண்டரின் விஷயம். சீனா, தைவான் சந்தைகளைப் பார்க்கும் வேலைகளுக்கு அது வேண்டும், அதில் மழுப்ப ஒன்றுமில்லை, அந்த விளம்பரங்களைக் கடந்து போய்விடுங்கள். தென்கிழக்காசியா, இந்தியா பார்க்கும் வேலைகளில் எனக்கு ஒருநாளும் அது தடையாக இருந்ததில்லை. நம்மூர் மலாய் கொஞ்சம் தெரிந்திருந்தால் இந்தோனேசியாவில் வாசல் வரைக்காவது சிரிப்போடு போகலாம். தமிழ் சென்னையில் இரண்டு மருத்துவமனை லேப்களில் எனக்கு உதவியது, விலை பேசும் இடத்தில் இல்லை, சோதனைக்கூடத் தொழில்நுட்பர்கள் கருவியில் நிஜமாகவே என்ன பிரச்சினை என்று மனம்விட்டுச் சொன்ன இடத்தில்.

அரசாங்க உதவி பற்றி: கரியர் கன்வெர்ஷன் புரோகிராம் என்பதில் வேலை மாறுகிறவருக்குப் பயிற்சி கொடுக்கும் முதலாளிக்குச் சம்பளத்தில் ஒரு பகுதி மானியமாகக் கிடைக்கும், குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொருந்தும். ஆனால் முதலில் உங்களை எடுக்க ஒரு முதலாளி வேண்டும், அதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பயிற்சி வகுப்புகளுக்கு அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை கைவசம் இருந்தால் அடிப்படைக் கணக்கியல் வகுப்பு ஒன்றில் போடுங்கள், பளபளப்பான 'பயோடெக் தலைமைத்துவம்' வகையறாவில் வேண்டாம்.

செப்டம்பருக்குள் செய்ய வேண்டியது அதிகமில்லை. லேபுக்குச் சாமான் வாங்கும் பொறுப்பை உங்கள் பாஸிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மூன்று குவொட்டேஷன் கேட்டு, விலை பேசி, ஏன் இதைத் தேர்ந்தெடுத்தோம் என்று எழுதிப் பழகுங்கள். பயோடேட்டாவில் 'வெஸ்டர்ன் பிளாட் தெரியும்' என்பதற்கு மேலே அது வரட்டும். லேப் குறிப்பேடோ தரவோ எதையும் வெளியே கொண்டுபோகாதீர்கள், அவை உங்களுடையவை அல்ல. அப்புறம், உங்கள் லேபுக்கு வருகிற சேல்ஸ்காரர்களில் உங்களுக்குப் பிடித்த ஒருவரைக் கீழே கோப்பிக்கடைக்குக் கூட்டிப்போய், போன வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை என்ன செய்தார் என்று மட்டும் கேளுங்கள். வேலை கேட்காதீர்கள், அது தானாக வரும். கோப்பிக்குக் காசை நீங்களே கொடுத்துவிடுங்கள். வாங்கும் பொறுப்பில் இருக்கிறவர் விற்கிறவரிடமிருந்து ஒரு கோப்பி ஓ கூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிற இடங்கள் உண்டு, உங்களுடையது அப்படியா என்று அதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள்.